மலிவான ஆயுதம் என்பதை ஏற்க முடியவில்லை

இணைய வலிமை, அதாவது கணினி வலைப்பின்னல்கள் வழியாக இன்னொரு நாட்டைத் தாக்கும் திறன், சிறிய நாடுகளுக்கும் எட்டும் மலிவான ஆயுதம் என்கிறது நான் படித்த கட்டுரை. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஈரானின் நதான்ஸ் அணுசக்தி நிலையத்தில் யுரேனியம் செறிவூட்டும் மையவிலக்குகளைச் சிதைத்த ஸ்டக்ஸ்நெட் என்ற நாசகாரக் கணினி நிரல், 2010இல் வெளிச்சத்துக்கு வந்தது. அதை உருவாக்க, அங்கிருந்த கட்டுப்பாட்டுக் கருவிகளின் அமைப்பு முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். நிரல் எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது. உளவுத் தகவலும் பொறுமையும் வேண்டும். சிறிய நாட்டுக்கு இவை எங்கிருந்து வரும்?

கட்டுரை தொடாமல் விட்ட இன்னொன்று: எய்தவன் குறித்த இலக்கோடு இந்த அம்பு நிற்பதில்லை. 2017 ஜூனில் உக்ரைனின் கணக்கியல் மென்பொருள் ஒன்றின் வழியாகப் பரவிய நாட்பெட்யா என்ற நாசகார நிரல், டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தையும் முடக்கிப்போட்டது. ரஷ்யாதான் காரணம் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்ட 2018 பிப்ரவரி ஆகிவிட்டது. ரஷ்யா மறுத்தது. ராஜதந்திரம் கையறு நிலையில் நிற்பது இந்த இடைவெளியில்தான். தாக்கியவர் யார் என்றே உறுதியாகாதபோது யாரிடம் பேசுவது, யாரைத் தண்டிப்பது?

மின்சாரம் போன்ற அடிப்படைக் கட்டமைப்புகளைத் தாக்கக் கூடாது என்ற நெறியை ஐ.நா. நிபுணர் குழு 2015இலேயே வகுத்துவிட்டது. ஆனால் அது எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. கட்டுரையாளர் அடுத்த பகுதியில் இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும்.