அண்ணனின் பாஸ்போர்ட்டில் தம்பி விமானம் ஏறக் கூடாது

முகச்சாடை ஒத்துப்போகிறது என்பதற்காக அண்ணனின் பாஸ்போர்ட்டைத் தம்பியிடம் கொடுத்து அனுப்பும் பேச்சு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னும் ஓயவில்லை. குளச்சல் முதல் நீரோடி வரை கடற்கரையிலும், மார்த்தாண்டம், தக்கலைப் பக்கங்களிலும் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு எது? தம்பி அங்கிருந்து நாடு கடத்தப்பட்டிருப்பான்; அல்லது அண்ணனுக்கு வந்த விசாவில் அண்ணன் போக முடியாமல் ஆகியிருக்கும். உடனே பெரியவர்களே கூடி, “இரண்டு பேருக்கும் ஒரே சாடைதானே” என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். கேட்கும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

சாடை பார்த்து முத்திரை குத்திய காலம் மலையேறிவிட்டது. நாடு கடத்தப்பட்டவர்களின் கருவிழிப் பதிவை அமீரகம் 2000களின் தொடக்கத்திலிருந்தே வைத்திருக்கிறது. சவுதியிலும் குவைத்திலும் விமான நிலையத்திலேயே விரல் ரேகை எடுக்கிறார்கள். அண்ணன் முன்பு வைத்த ரேகை அங்கே இருந்தால், தம்பி விரலை வைத்த நொடியில் எல்லாம் முடிந்தது.

அதுவரைகூடப் போகாமல் திருவனந்தபுரம் விமான நிலையத்திலேயே சிக்கலாம். பாஸ்போர்ட் சோதிக்கும் கவுண்டரில் இருப்பவர் சத்தம் போட மாட்டார். கடைசியாக எப்போது போனீர்கள், ஒரு கையெழுத்துப் போடுங்கள், மனைவி பெயர் என்ன என்று நிதானமாகக் கேட்பார். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது. அண்ணியின் பெயரைத் தன் மனைவியின் பெயராகச் சொல்ல வேண்டிய அந்த இடத்தில் எப்பேர்ப்பட்ட நெஞ்சழுத்தக்காரனுக்கும் நாக்குக் குழறும்.

1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம் 12ஆம் பிரிவின்படி, பிறருடைய பாஸ்போர்ட்டைப் பயன்படுத்தினால் இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். தெரிந்தே கொடுத்தவருக்கும் அதே தண்டனைதான். இதை யாரும் அண்ணனிடம் சொல்வதில்லை. ஆள்மாறாட்ட மோசடி என்று புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 319ஆம் பிரிவும் சேர்ந்தால் ஐந்து ஆண்டுவரை போகும்.

தண்டனையைவிட வழக்குதான் குடும்பத்தைத் தின்கிறது. திருவனந்தபுரத்தில் பிடிபட்டால் வழக்கும் அங்கேதான். வாய்தாவுக்கு வாய்தா கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டி ஓட வேண்டும். வக்கீலையும் ஜாமீன்தாரரையும் அங்கே தேட வேண்டும். வழக்கு நிலுவையில் இருப்பதைக் காட்டிப் புதிய பாஸ்போர்ட் மறுக்கப்படலாம். அண்ணனுடைய பாஸ்போர்ட்டும் முடக்கப்படலாம். ஒருவன் பிழைப்புக்காகச் செய்த காரியத்தில் இருவர் பிழைப்பும் போகிறது.

2014 மார்ச் 8 அன்று காணாமல்போன மலேசிய விமானம் எம்எச்370ஐ நினைத்துப் பாருங்கள். அதில் இரண்டு ஈரானிய இளைஞர்கள் திருட்டுப் பாஸ்போர்ட்டில் ஏறியிருந்தார்கள். பயணிகள் பட்டியலில் இருந்ததோ ஓர் ஆஸ்திரியர், ஓர் இத்தாலியர் பெயர்கள். தாய்லாந்தில் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்த அவர்கள் இருவரும் உயிரோடு இருந்தார்கள். ஐரோப்பாவில் பிழைக்கப் போன அந்தப் பையன்களை உலகம் முதலில் பயங்கரவாதிகளோ என்று சந்தேகித்தது. ஒருவனின் தாய் ஜெர்மனியில் மகனுக்காகக் காத்திருந்தார்.

நம் பையனுக்கு ரியாத்தில் ஒரு விபத்து என்றால், மருத்துவமனைச் சீட்டிலும் இறப்புச் சான்றிதழிலும் அண்ணன் பெயர்தான் ஏறும். உடலை யார் பெயரில் கேட்பது? எமிக்ரேஷன் கிளியரன்ஸ் என்ற அரசு அனுமதி பெற்று முறையாகப் போகும் தொழிலாளிக்குப் பிரவாசி பாரதீய பீமா யோஜனாவில் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. பெயர் மாறிப் போனவனின் மனைவி எந்தக் காகிதத்தைக் காட்டி அதைக் கேட்பாள்?

வழியில்லாமல் இதைச் செய்கிறோம் என்பதை நான் ஏற்க மாட்டேன். அங்கே பாஸ்போர்ட் தொலைந்து ஊர் திரும்ப முடியாதவர்களுக்கு இந்தியத் தூதரகம் அவசரச் சான்றிதழ் தருகிறது. நம் ஆட்கள் அவுட்பாஸ் என்பது அதைத்தான். விசா முடிந்தவர்களுக்கு அமீரகம் 2018லும் 2024லும் பொதுமன்னிப்பு அறிவித்தது. இங்கே அவசரமாக எடுக்கும் தத்கால் பாஸ்போர்ட்டுக்கே 3,500 ரூபாய்தான். உரிமம் பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர வாங்கக் கூடாது. பாஸ்போர்ட் மாற்றிப் போகலாம் என்று எந்த ஏஜென்டாவது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யோசனை சொன்னால், முதலில் அவரது உரிம எண்ணைக் கேட்டு அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். எண் சொல்லத் தயங்கினால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.