யூனிட் விலை கிடக்கட்டும், மெஷின் ஓடுகிறதா?

இரண்டு நாளாக எல்லோரும் பகிர்கிற அந்த மின்சாரக் கார் ஃபாஸ்ட் சார்ஜர் ஒப்பீட்டுப் பட்டியலை நானும் பார்த்தேன். டாடா பவர், ஜியான், ஜியோ-பிபி என்று சார்ஜிங் கம்பெனிகளை வரிசை போட்டு, யூனிட் என்ன விலை, எத்தனை கிலோவாட் என்று ஸ்டார் கொடுத்திருக்கிறார்கள். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: போய் நின்றால் மெஷின் ஓடுகிறதா? அதற்கு வந்த பதில், ‘செட்டிநாட்டுப் பக்கமெல்லாம் யார் போகிறார்கள், வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள்.’ அதற்கு விழுந்த லைக்குகளைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

காரைக்குடிப் பக்கம் எங்கள் பள்ளத்தூர் வீட்டு வயரிங் ஐயா காலத்தது. கொஞ்சம் லோடு கூடினாலே ஃபியூஸ் கேரியரைத் தொட முடியாது, சுடும். சரி, மாற்றிவிட்டேன் என்றே வையுங்கள். 15 ஆம்ப் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட் சொச்சம்தான் ஏறும். என் காரின் 40 யூனிட் பேட்டரி நிறைய 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் வீடு போய்ச் சேர்ந்தால்தானே?

போன வைகாசியில் ஆத்தாவின் அண்ணன் தவறிவிட்டார். தகவல் வந்ததும் சென்னையிலிருந்து கிளம்பினோம். விழுப்புரம் தாண்டி ஒரு தடவை நன்றாக ஏறியது. திருச்சியில் எனக்கு முன்னால் மூன்று கார். புதுக்கோட்டைப் பக்கம் ஓரிடத்தில், காரில் மாட்டுகிற சார்ஜிங் கன் இரண்டும் காலி என்று ஆப் பச்சை காட்டியது. நம்பிப் போனேன். கம்பெனி பெயர் வேண்டாம், இது ஒரு கம்பெனியோடு நிற்கிற குறை இல்லை.

ஒன்றில் ஸ்கிரீனே இருட்டு. இன்னொன்றில் கன்னை மாட்டினால் ‘டக்’கென்று பூட்டுகிறது, பச்சை விளக்கு பத்து விநாடி சிமிட்டுகிறது, அப்புறம் சிவப்பு. ஏழு தடவை மாட்டினேன். கஸ்டமர் கேரில், ‘ரீஸ்டார்ட் பண்றோம் சார், பத்து நிமிஷம்.’ வாட்ச்மேன் வந்து, ‘மூணு நாளா இப்படித்தாண்ணே’ என்றார். மூன்று நாளாகச் செத்துக் கிடக்கிற மெஷினுக்கு ஆப்பில் பச்சை! காரில் மிச்சம் 9 சதவீதம். பத்து நிமிஷம், பத்து நிமிஷம் என்றே ஒன்றே முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் காரை அங்கேயே விட்டுவிட்டு வாடகைக் காரில் போனோம். நாங்கள் இறங்கியபோது எல்லாம் முடிந்து, வீட்டு முகப்பைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

திருச்சியிலேயே காத்திருந்திருக்கலாமே என்பீர்கள். அடுத்த ஊரில் இரண்டு காலி என்று ஆப் சொல்லும்போது, சாவு வீட்டுக்குப் போகிறவன் காத்திருப்பானா? பெட்ரோல் கார் வாங்கியிருக்கலாமே என்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. கூட்டமில்லாத ரோட்டில் யார் முதல் போடுவார்கள் என்பது நியாயமான கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன். நான் பத்து மெஷின் கேட்கவில்லை. வைத்த மெஷின் ஓடட்டும் என்கிறேன். யூனிட்டுக்கு இரண்டு ரூபாய் கூடவே வாங்குங்கள், மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்துக் கொடுக்கிறேன். ஓடாத மெஷினில் யூனிட் என்ன விலையாக இருந்தால் எனக்கென்ன?

யார் போகிறார்கள் என்று கேட்டீர்களே, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் காரைக்குடியில் சிக்ரிக்கு, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு, அடிக்கல் நாட்டினார்கள். பேட்டரி ஆராய்ச்சி இன்றைக்கும் அங்கே நடக்கிறது. வீடுகள் பூட்டிக் கிடப்பது உண்மைதான். ஆனால் முன்னோருக்குப் போடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் கேதத்துக்கும் நாங்கள் வந்துகொண்டேதான் இருக்கிறோம்.

அடுத்த பட்டியலில் ஒரு வரி சேருங்கள்: பத்துத் தடவை போனால் எத்தனை தடவை முதல் முயற்சியிலேயே ஏறுகிறது?

ஆத்தா அன்றைக்கு என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் கேட்கிறார், ‘பஸ்ஸுல போயிருவமா தம்பி?’