ரெண்டு கறுப்பு கவர்

போன ஞாயித்துக்கிழமை காசிமேட்டுல வஞ்சிரம் வாங்கி, அங்கயே ஓரமா உக்காந்து மீன் வெட்டுற அக்காகிட்ட குடுத்தேன். துண்டு ஒரு கறுப்பு கவர்ல, பூனைக்குன்னு கேட்டு வாங்கின செவுளும் குடலும் இன்னொரு கறுப்பு கவர்ல. தண்டையார்பேட்டை வந்து சேர்றதுக்குள்ள எது எதுன்னு மறந்தாச்சு. மாடிப்படிக்குக் கீழ பூனைக்கு எதைக் கொட்டினேன்னு அம்மா கத்தின பிறகுதான் தெரிஞ்சுது.

இதே கூத்தை ஆபீஸ்லயும் பண்ணிருக்கேன். அதுக்குத்தான் இந்தப் பதிவு.

ஜாவாங்கிற புரோகிராமிங் மொழியில ஒரு மெத்தட் (ஒரு வேலையைச் செய்யுற கோடு துண்டு) ஒரே ஒரு மதிப்பைத்தான் ரிட்டர்ன் பண்ணும், அதாவது திருப்பிக் குடுக்கும். "ரெண்டு வேணும்னா என்ன பண்ணுவ?" இன்டர்வியூல கேட்டுக் கேட்டுத் தேஞ்சு போன கேள்வி. அரே (வரிசையா அடுக்கின மதிப்புகள்), மேப் (சாவி சொன்னா மதிப்பு தர்றது), Pair (ஜோடி)னு ஒப்பிச்சுட்டு வேலையும் வாங்கிடுவோம். நானும் அப்படித்தான். டெலிவரி ஆப் ஒண்ணுல, முகவரி குடுத்தா லேட்டிட்யூட் (அட்சரேகை), லாங்கிட்யூட் (தீர்க்கரேகை) ரெண்டையும் டபுள், அதாவது தசம எண், அரேயா தர்ற மெத்தட் எழுதினேன். முதல்ல லேட், அடுத்து லாங். அது என் மண்டைக்குள்ள மட்டும் இருந்த ஒப்பந்தம்.

ஆறு மாசம் கழிச்சு ஜியோஜேசான்ங்கிற இட விவர ஃபார்மேட்ல டேட்டா வந்துச்சு. அதுல லாங்கிட்யூட்தான் முதல்ல. வந்த வரிசையிலயே அரேல போட்டேன். கோடைச் சரிபார்த்து மாத்துற கம்பைலர் வாயே திறக்கல, ரெண்டும் டபுள்தானே. காசிமேடு 13.12 வடக்கு, 80.29 கிழக்கு. மாத்திப் போட்டா நார்வேயோட ஸ்வால்பார்டு தீவுகள் பக்கம், வடக்குக் கரையைத் தாண்டி ஆர்க்டிக் கடல். டெலிவரி தம்பியோட வரைபடத்துல வெறும் நீலம்.

இதுல கொடுமை என்னன்னா, லேட்டிட்யூட் 90-ஐத் தாண்டக் கூடாதுன்னு செக் வெச்சிருந்தேன். நம்ம ஊரு லாங்கிட்யூட் 80, கமுக்கமா உள்ள பூந்துடுச்சு. குவாஹாட்டின்னா 91-க்கு மேல, அன்னிக்கே மாட்டிருக்கும்.

ரெண்டு மதிப்பு திரும்பி வர்றதுல எனக்கு ஒரு புகாரும் கிடையாது. பேரில்லாம வர்றதுதான் கடுப்பு. கோ மொழியில ரிசல்ட்டும் எர்ரரும் ஜோடியா வரும், குழப்பமே வராது. ரெண்டும் வேற வேற டைப், மாத்திப் புடிச்சா, பயன்படுத்துற இடத்துல பெரும்பாலும் கம்பைலரே புடிச்சுடும். பைத்தான்ல கமா போட்டு அனுப்புறது உண்மையில ஒரே டூப்பிள்தான், பல மதிப்பைச் சேர்த்துக் கட்டின ஒரே பொட்டலம். சி ஷார்ப் 7-ல, 2017-ல, டூப்பிளுக்குள்ள பேர் வெக்க வழி பண்ணாங்க. ஆனா பிரிச்சு வாங்கும்போது அது வரிசையைத்தான் பாக்கும், பேரைக் கண்டுக்காது.

அதனால லேட்டையும் லாங்கையும் பேரோட வெக்க ஒரு கிளாஸ் (நாமளே உருவாக்குற டைப்) எழுதலாம்னேன். "ரெண்டு நம்பருக்கு ஒரு கிளாஸா தம்பி?"ன்னாரு எங்க டீம் லீடு. பத்து வருஷம் முன்னாடின்னா நியாயமான கேள்விதான் அண்ணே. கன்ஸ்ட்ரக்டர், கெட்டர், ஈக்வல்ஸ், ஹாஷ்கோட்னு பக்கம் பக்கமா எழுதணும். 2021 மார்ச்ல வந்த ஜாவா 16-ல இருந்து ரெக்கார்டு இருக்கு, டேட்டாவை மட்டும் சுமக்குற சுருக்கமான கிளாஸ். ஒரே வரி, மிச்சத்தை அதுவே பாத்துக்கும். நியூ போட்டு ரெக்கார்டை உருவாக்குற இடத்துல அதுலயும் மாத்திப் போடலாம்தான், மறுக்கல. ஆனா தேட வேண்டியது அந்த ஒரு இடத்தை மட்டும். வாங்குற முப்பது இடத்துலயும், அரேல எது பூஜ்ஜியாவது இடம், எது ஒண்ணாவது இடம்னு யோசிக்காம, டாட் லேட்டிட்யூட்னு பேர் சொல்லிக் கூப்பிடலாம்.

அந்தக் கிளாஸுக்குப் பேரே வர மாட்டேங்குது, 'ரிசல்ட்', 'இன்ஃபோ'ன்னுதான் வாயில வருதுன்னா மெத்தடையே சந்தேகப்படுவேன். பில் தொகை, கஸ்டமர், மெயில் போச்சா இல்லையா, மூணும் ஒரே மெத்தட்ல இருந்து வந்தா அது மூணு மெத்தட்டோட வேலை.

லீடு ஒருவழியா அப்ரூவ் பண்ணிட்டாரு. ஆனா ஸ்ட்ரிங் (எழுத்து) சாவி போட்ட மேப் ஒண்ணு இன்னும் மூணு இடத்துல கிடக்கு. 'லேட்'னு ஒருத்தர், 'லேட்டிட்யூட்'னு இன்னொருத்தர், ஆளாளுக்கு ஒரு சாவி. திங்கக்கிழமை அதுல கை வெக்கணும்.