மல்கோவா இமாம்பசந்த், தகிட தகதிமி

மகளுக்கு ஆறு வயது. போன வருஷம் ஒரு பாட்டு வகுப்பில் சேர்த்துவிட்டேன். முக்கால் மணி நேரம் சப்பணம் போட்டு உட்கார்ந்து சரளி வரிசை, அதாவது ஆரம்ப ஸ்வரப் பயிற்சி. தாளம் தப்பினால் தொடையில் ஒரு தட்டு. மூன்று மாதம் தாக்குப்பிடித்தாள். அப்புறம் வகுப்பு நாள் வந்தாலே வயிற்று வலியும் வர ஆரம்பித்தது. நிறுத்திவிட்டேன். யார் மேலும் கோபமில்லை, ஆனால் அந்த வயிற்று வலி பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதே வயதில் வந்திருக்கிறது. என் சங்கீதம் கீதம் என்கிற ஆரம்பப் பாடத்தோடு நின்ற கதையும் அதுதான்.

சரி, வீட்டிலேயே விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்று இணையத்தில் தேடினேன். எங்கே பார்த்தாலும் பழ அட்டைகள். ஆப்பிள் என்றால் இரண்டு தட்டு, ஸ்ட்ராபெர்ரி என்றால் மூன்று, வாட்டர்மெலன் என்றால் நாலு. யோசனை நல்ல யோசனைதான். பழத்தின் பெயரைச் சொன்னால் தாளம் தானாக வாயில் வந்துவிடுகிறது. ஆனால் நாங்கள் இருப்பது சேலத்தில். மே மாதம் வீட்டுக்குள் நுழைந்தாலே கட்டிலுக்கடியில் வைக்கோலில் பழுக்கப்போட்ட மாம்பழ வாசனை. அதை விட்டுவிட்டு, நானே படத்தில்தான் பார்த்திருக்கிற ப்ளூபெர்ரியை வைத்து எதற்குக் கை தட்ட வேண்டும்?

இன்னொரு வகை அட்டையும் உண்டு. ஸ-வுக்கு சப்போட்டா, ம-வுக்கு மாம்பழம் என்று ஏழு ஸ்வரத்துக்கும் ஏழு படம். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. அதில் பிள்ளை கற்றுக்கொள்வது எழுத்து, சுருதி இல்லை. ஸ்வரம் காது வழியாகத்தான் வர வேண்டும். அதற்கு அவசரமும் இல்லை. முதலில் தாளம் கையில் நிற்கட்டும்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். ஓர் எழுத்துக்கு ஓர் எண்ணிக்கை. குறில் நெடில் பார்க்கக்கூடாது, புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட வேண்டும். வா-ழைப்-ப-ழம், நாலு. ப-லாப்-ப-ழம், நாலு. இரண்டும் சேர்ந்தால் எட்டு, ஆதி தாளம். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று வாழைப்பழத்தை முடித்துவிட்டு, தட்டு வீச்சு, தட்டு வீச்சு என்று பலாப்பழத்தைப் போட வேண்டும். வீச்சு என்றால் கையைத் திருப்பிப் போடுவது. முதல் நாள் வாழைப்பழத்தை வாயில் வைத்துக்கொண்டே போட்டாள். இரண்டாம் நாள் மாம்பழம் சப்பிய கையோடு வந்து உட்கார்ந்தாள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒட்டிக்கொண்டு பிரியவே இல்லை, சாறு முழங்கை வரை வழிகிறது, தாளம் மட்டும் நிற்கவில்லை. அந்த ஆதி தாளத்தின் கறை இன்னும் என் புடவையில் இருக்கிறது.

எலுமிச்சம்பழம்தான் எனக்கே ஆச்சரியம். ஆறு எழுத்து. எ-லு என்று ஒரு தட்டு, ஒரு வீச்சு. மிச்-சம்-ப-ழம் என்று ஒரு தட்டு, மூன்று விரல். அப்படியே ஆறு எண்ணிக்கை ரூபக தாளம் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கூடை கூடையாக செந்தூரம், பங்கனப்பள்ளி, மல்கோவா, இமாம்பசந்த். இவள் ஒவ்வொரு கூடையாக நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே வருகிறாள். திடீரென்று, "அம்மா, மல்கோவா மூணு, இமாம்பசந்த் நாலு, சேத்துச் சொன்னா நல்லாருக்கு" என்றாள். மல்கோவா இமாம்பசந்த், மல்கோவா இமாம்பசந்த். தகிட தகதிமி, தகிட தகதிமி. ஏழு எண்ணிக்கைத் தாளம், மிஸ்ர சாபு! வகுப்பில் ஏழு என்ற கணக்கு எனக்குப் பிடிபட எத்தனை நாள் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன். கடைக்கார அண்ணன் என்ன நினைத்தாரோ, "ரெண்டுலயும் ஒரு கிலோ போடட்டுமா கண்ணு?" என்றார். விலையைக் கேட்டுவிட்டு மல்கோவாவோடு நிறுத்திக்கொண்டோம்.

பக்கத்துக் கடையில் பலாப்பழம். கடைக்காரம்மா ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து ஒன்றைத் தள்ளிவைத்தார். காய் 'டக்' என்கிறது, பழம் 'பொத்' என்கிறது. இவளையும் தட்டச் சொன்னேன். நாலாவது பழத்துக்குள் சரியாகச் சொல்லிவிட்டாள். காதுக்குப் பயிற்சி என்று தனியாக ஒன்று எதற்கு? வீணையும் மிருதங்கமும் பலாமரத்தில்தான் குடைகிறார்கள் என்றேன். "அப்ப மிருதங்கத்துக்குள்ள சுளை இருக்குமா?" என்று கேட்டாள்.

இதையெல்லாம் நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததுபோல நினைத்துக்கொண்டிருந்தேன். தமிழாசிரியையாக இருக்கும் என் அக்காதான் தலையில் குட்டினாள். "தேமா, புளிமா என்னடி? பழம்தானே?" அட, ஆமாம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்தே போயிருந்தேன். செய்யுளின் ஓசையை நேர், நிரை என்று அசையாகப் பிரித்து அளக்கிற வாய்பாடு. நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா. இனிக்கிற மாவும் புளிக்கிற மாவும். கூவிளம் என்றால் வில்வம். மூவசைச் சீருக்குக் காய், கனி என்றே பெயர். ஓசையை அளக்க நம் ஆட்கள் பல நூறு வருஷத்துக்கு முன்பே தோப்புக்குள்தான் போயிருக்கிறார்கள்.

அன்று ராத்திரி அக்காவும் நானும் உட்கார்ந்து பழக்கூடையை அசை பிரித்து அலகிட்டோம். வாழைப்பழம், வா-ழைப்-பழம், நேர் நேர் நிரை. தேமாங்கனி! வாழைப்பழம் மாங்கனியாகிவிட்டது. மாம்பழமோ நேர் நிரை, கூவிளம், அதாவது வில்வம். மாதுளம்பழம் கூவிளங்கனி. இலந்தைப்பழம் நிரை நேர் நிரை, புளிமாங்கனி. இலந்தைக்குப் புளிப்பு பொருந்துகிறது பாருங்கள், அது மட்டும் தற்செயலா என்ன என்று அக்கா சாதித்தாள். தற்செயல்தான். இருந்தாலும் ரசித்தேன்.

முறையாகப் பாட்டு சொல்லிக்கொடுக்கும் தோழி ஒருத்தி, "இதெல்லாம் விளையாட்டு, சங்கீதம் இல்லை" என்றாள். விளையாட்டுதான், மறுக்கவில்லை. மாயாமாளவகௌளை ராகத்தை மாம்பழம் சொல்லிக்கொடுக்காது. அதற்கு ஒரு குருவும் தம்பூராவும் தினப்படி உழைப்பும் வேண்டும், எட்டு வயதில் இவள் கேட்டால் கொண்டுபோய் விடுவேன். ஆனால் அதற்குள் தாளத்தைக் கண்டு பயப்படாத பிள்ளையாக இருப்பாள், அது எனக்குப் போதும்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்வேன். அந்தந்தப் பருவத்துப் பழத்தை எடுங்கள். வருஷம் முழுக்கப் பாட்டிலில் கிடைக்கிற மாம்பழச் சாறு இந்த வேலையைச் செய்யாது. கிளிமூக்கில் ஆரம்பித்து நீலத்தில் முடிகிற வரைக்கும் இவளுக்கு வாராவாரம் ஒரு புதுப் பெயர் கிடைத்தது. ஆடியில் நாவல் வரும். நா-வற்-ப-ழம், நாக்கெல்லாம் ஊதா. தையில் இலந்தை, அது ஐந்து, கண்ட நடை. அதுவரை காத்திருக்க வேண்டும் என்றதற்கு இவள் காலண்டரைப் புரட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

இந்த வாரம் மழை. கொல்லையில் எறிந்த மாங்கொட்டை ஒன்று முளைவிட்டிருந்தது. ஓட்டைப் பிளந்து பருப்பை எடுத்து, நாங்கள் சின்ன வயதில் செய்ததுபோல முனையைக் கல்லில் தேய்த்துப் பீப்பி செய்து கொடுத்தேன். கன்னம் உப்ப ஊதினாள். எச்சில்தான் வந்தது. பத்தாவது முறையோ என்னவோ, 'பீ...' என்று ஒரு சத்தம். ஸ-வும் இல்லை, ப-வும் இல்லை. எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்தியது. இவள் இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறாள்.