எங்கள் டவுனுக்கும் ஒரு போலீஸ் தொடர் வேண்டும்

ஆஸ்கார் பிளேக்டன் என்ற சார்ஜன் ஓய்வுபெறுகிறார். வேறு தொடராக இருந்தால் அன்றோடு அவருக்கு மாலை போட்டு, கைதட்டி, வழியனுப்பியிருப்பார்கள். பிரிட்டனின் 'ஹார்ட்பீட்' தொடரில் அவர் எங்கும் போகவில்லை. அதே ஏடன்ஸ்ஃபீல்ட் கிராமத்தில் தபால் நிலையம் நடத்துகிறார். பிறகு அங்கேயே மதுக்கடையையும் எடுத்து நடத்துகிறார். நேற்றுவரை யாரையெல்லாம் அதட்டினாரோ, அவர்களுக்கே இன்று தபால்தலை விற்கிறார். சீருடை போன பிறகும் ஊர் அவரை வைத்திருக்கிறது. அவரும் ஊரை விடவில்லை. சிறிய ஊரின் போலீஸ் நிலையத்தைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் ஓடும் இந்த வகைத் தொடர்களிடம் என்னைக் கட்டிப்போட்டது இதுதான்.

வீட்டில் இளையவர்களுக்கு இது புரிவதில்லை. எட்டுப் பாகத்தில் முடியும் வெப் தொடர்கள் இருக்கின்றன, இரண்டு இரவுகளில் கொலைகாரன் யாரென்று தெரிந்துவிடுகிறது, அப்படியிருக்க 1992 முதல் 2010 வரை 372 பாகங்கள் ஓடிய ஒன்றில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் 'புளூ ஹீலர்ஸ்' அதைவிட நீளம். 1994இல் தொடங்கி 2006 வரை 510 பாகங்கள். வேலித் தகராறு, களவுபோன கால்நடை, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய பெரிய மனிதர், கணவனிடம் அடிவாங்கிய பெண் என்று ஒரு சிறிய ஊரில் நடக்கக்கூடிய எல்லாமும் அதில் வரும். கொலையும் வரும். ஆனால் கொலை முடிந்த மறுநாளும் அந்த ஊர் இருக்கும். அதைக் காட்டும் பொறுமை வெப் தொடருக்குக் கிடையாது.

மாநகரப் போலீஸ் கதையில் குற்றவாளியின் கையில் விலங்கு விழுந்ததும் அவன் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறான். சிறிய ஊரில் அவன் மறைய முடியாது. அவனுடைய தாய் அதே மளிகைக்கடையில் சாமான் வாங்குவாள். பிடித்த போலீஸ்காரரும் அதே வரிசையில் நிற்பார். இருவரும் ஒருவரையொருவர் எப்படிப் பார்ப்பார்கள்? எனக்கு உண்மையான கதை அந்த வரிசையில்தான் தொடங்குகிறது. 'புளூ ஹீலர்ஸ்' நடக்கும் மவுண்ட் தாமஸ் ஒரு கற்பனை ஊர். அங்கே நிலையத் தலைவர் டாம் கிராய்டனும், போலீஸ்காரர்கள் வேலை முடிந்து போய் உட்காரும் விடுதியை நடத்தும் கிறிஸ் ரைலியும் முதல் பாகத்திலிருந்து கடைசிப் பாகம் வரை இருக்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் மற்ற முதன்மைப் பாத்திரங்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அந்த இரண்டு நடிகர்களின் முகத்தில் விழுந்த சுருக்கத்தை ஒப்பனைக்காரர் வரையவில்லை. காலம் வரைந்தது.

மேகி டாயில் என்ற பெண் காவலர் 2000ஆம் ஆண்டில் சுட்டுக் கொல்லப்படுகிறாள். சாட்சிப் பாதுகாப்புக்குள் போகவிருந்த நேரம். ஆறு ஆண்டுகள் அவள் சிரித்ததையும், தவறியதையும், காதலித்ததையும் பார்த்தவர்களுக்கு அது துப்பறியும் கதையின் திருப்பமாக இருந்திருக்காது. துக்க வீடாக இருந்திருக்கும். நான் அதை எத்தனையோ ஆண்டுகள் கழித்து இணையத்தில் பார்த்தேன். முடிவு முன்பே தெரிந்திருந்தும் அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில். பிறந்தது இந்த டவுனைச் சுற்றிய தோட்டங்களில் ஒன்றில். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லி விளக்க வேண்டியதில்லை. எந்த வீட்டில் சண்டை, யார் மகன் பள்ளிக்குப் போகாமல் ஆற்றுக்குப் போனான், எந்தப் பெண் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வரவில்லை, ஏன் வரவில்லை, எல்லாம் விடிவதற்குள் எல்லாருக்கும் தெரியும். அது எப்போதும் நல்லது என்று நான் சொல்லமாட்டேன். பல பெண்களை அந்தப் பார்வை நசுக்கியது. ஆனால் ஒருவருக்கு என்ன ஆனது என்று தெரியாமல் போகாது. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். நிலம் கைமாறியது. லயங்கள் காலியாகின. ஒரே வரிசையில் இருந்த குடும்பங்கள் தாமான் என்ற வீடமைப்புப் பகுதிகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறின. சிலர் ஈப்போவுக்கு, சிலர் கிள்ளானுக்கு, பிள்ளைகள் சிங்கப்பூருக்கு. எங்கள் தோட்டத்தில் இப்போது பழம் வெட்டுபவர்கள் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கும் சொந்த ஊரில் ஒரு வரிசை வீடு இருந்திருக்கும்.

இப்படிச் சிதறியவர்களுக்கு, ஒரே ஊரில் ஒரே மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் இருந்து வாழ்வதைப் பார்ப்பது சாதாரண ஆறுதல் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் திருடினான், பிடிபட்டான் என்பதோடு எங்களுக்குச் செய்தி நின்றுவிடுகிறது. பிறகு அவன் என்ன ஆனான் என்று சொல்ல யாரும் அருகில் இல்லை. நீண்ட தொடர் அந்தப் 'பிறகு'வைச் சொல்கிறது.

ஆனால் அது ஏன் போலீஸ் தொடராக இருக்க வேண்டும்? எங்கள் ஊரிலிருந்து கேட்டால் இது எளிய கேள்வி இல்லை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை அது நீடித்தது. காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு உணவு போய்விடக் கூடாது என்பதற்காக, பால்வெட்டப் போகிறவர்களைத் தோட்டத்து வாசலில் நிறுத்திச் சோதித்த கதையை எங்கள் பாட்டிமார் சொல்வார்கள். இடுப்பில் முடிந்த வெற்றிலைப் பையைக்கூட அவிழ்த்துக் காட்ட வேண்டும். அந்தத் தலைமுறைக்குப் போலீஸ் என்றால் வாசலில் நின்று மடியைத் தடவும் கை. அதற்கு முன்பே, 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது.

இன்றும் எங்கள் பிள்ளைகள் தடுப்புக் காவலில் இறந்த செய்தி வந்தால் இந்த டவுனின் காப்பிக்கடைகளில் பேச்சு நின்றுவிடும். காவல்துறைமீதான புகார்களை விசாரிக்கச் சுயேச்சையான ஆணையம் வேண்டும் என்று அரச விசாரணை ஆணையம் பரிந்துரைத்தது 2005இல். போலீஸ் நடத்தை ஆணையம் செயல்படத் தொடங்கியது 2023 ஜூலையில். அதற்கும் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்து கிடைத்தது இவ்வளவுதான் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

அந்தக் கோபத்தோடுதான் இந்தத் தொடர்களைப் பார்க்கிறேன். பெயர் தெரிந்த போலீஸ்காரர், வீடு தெரிந்த போலீஸ்காரர், தவறு செய்தால் மறுநாள் கடைத்தெருவில் முகம் கொடுக்க வேண்டிய போலீஸ்காரர்: திரையில் நான் தேடுவது இந்த மனிதரை. ஊருக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அவரை வைத்துப் பார்க்கும் ஆசை எனக்கு. அந்த ஆசையை வெறும் கனவு என்று யாராவது சொன்னால் ஏற்கமாட்டேன். கனவாகவாவது ஒன்றைப் பார்த்தவர்களுக்குத்தான் எது இல்லை என்று கேட்கத் தெரியும்.

இந்தத் தொடர்கள் போலீசுக்கு வெள்ளையடிக்கின்றன என்ற குற்றச்சாட்டில் பாதி உண்மை உண்டு. 'ஹார்ட்பீட்' பதினெட்டு ஆண்டுகள் ஒளிபரப்பானது. கதையோ 1960களை விட்டு நகரவே இல்லை. அழகான புல்வெளி, பழைய பாட்டு, கையும் களவுமாகப் பிடிபட்டாலும் அசராத கிழவர் கிரீன்கிராஸ். அந்த இனிமை எனக்குப் பிடிக்கும், ஆனால் அது முழு உணவாகாது. பிபிசியின் 'இசட் கார்ஸ்' அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1962இல், வீட்டில் மனைவியை அடிக்கும் போலீஸ்காரரைக் காட்டியது. காவல்துறைக்கு அது பிடிக்கவில்லை. மக்கள் பார்த்தார்கள். 1978 வரை ஓடியது. ஆகவே நீளமும் நேர்மையும் சேர்ந்து வர முடியும்.

நம் நாட்டுக்கு இது புதிதும் இல்லை. யூசோப் ஹஸ்லாமின் நிறுவனம் தயாரித்த 'கெராக் காஸ்' 1999இல் அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஎம்மில் தொடங்கி, ஒரு தலைமுறையே அதைப் பார்த்து வளர்ந்தது. எங்கள் வீட்டிலும் பார்த்தோம். அது தலைநகரின் கதை. பெரிய கும்பல்கள், பெரிய வழக்குகள். தோட்டப்புற டவுனின் நிலையத்துக்குள் அதுபோல ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்க ஒரு தமிழ்த் தொடர் நமக்கு வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்.

இரவு பதினொரு மணிக்கு ஒரு பெண் நிலையத்துக்கு வருகிறாள். சம்சு குடித்துவிட்டுக் கணவன் அடித்திருக்கிறான். மலாயில் புகார் எழுத வேண்டும். அவளுக்கு மலாய் பேச வரும், எழுத வராது. இளம் கான்ஸ்டபிள் கிளந்தானிலிருந்து வந்தவன், தமிழ் ஒரு சொல் தெரியாது. சார்ஜன் தமிழர், இதே தோட்டத்தில் பிறந்தவர், அவள் கணவனோடு ஒரே வகுப்பில் படித்தவர். அவர் "வீட்டுக்குப் போம்மா, காலையில் நான் வந்து பேசுகிறேன்" என்கிறார். காலையில் அவளே வந்து புகார் வேண்டாம் என்கிறாள். திரைப்படமாக இருந்தால் இந்தப் பெண்ணை அடுத்த காட்சியில் வீராங்கனை ஆக்கியாக வேண்டும், அல்லது சாகடித்தாக வேண்டும். அங்கே நேரம் இல்லை. நீண்ட தொடரில் அவள் மூன்றாம் மாதம் திரும்ப வருவாள். அடுத்த ஆண்டு வருவாள். இடையில் கான்ஸ்டபிள் கொஞ்சம் தமிழ் கற்றிருப்பான். குடும்ப வன்முறைச் சட்டம் 1994இலேயே நிறைவேறிவிட்டது, புகாரைப் பதிவு செய்யாமல் அனுப்பியது தவறு என்று ஒரு நாள் அவன்தான் சார்ஜனிடம் சொல்வான். சார்ஜனுக்கு வலிக்கும். அவர் கெட்டவர் இல்லை. நண்பனின் வீட்டைக் காப்பாற்றுவதாக நினைத்தவர். அந்த நினைப்பு உடைவதற்கு ஐம்பது பாகங்கள் ஆகும். ஆகட்டும். வாழ்க்கையில் அதற்கு இன்னும் கூடுதலான காலம் ஆகிறது.

கோயில் கதை இன்னொன்று. தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்பு வரப்போகிறது. பால்வெட்டிய பாட்டன்மார் கல் நட்டு, பிறகு தகரம் போட்டு, பிறகு கோபுரம் கட்டிய முனீஸ்வரர் கோயில் புதிய நிலச் சொந்தக்காரரின் வரைபடத்தில் வருகிறது. நீதிமன்ற உத்தரவோடு இயந்திரம் வருகிறது. பாதுகாப்புக்குப் போலீஸ் நிற்க வேண்டும். வரிசையில் நிற்கும் சார்ஜனுக்கு முதல் முடி இறக்கியது அந்தச் சாமிக்கு. எதிரில் தட்டோடு நிற்பவர் அவருடைய அத்தை. இந்தக் காட்சியைச் சென்னையில் உட்கார்ந்து எழுத முடியுமா? கோலாலம்பூரில்கூட முடியாது என்பது என் எண்ணம்.

இன்னும் எவ்வளவோ. உதிர்ந்த செம்பனைப் பழங்களைச் சாக்கில் பொறுக்கிய கிழவரைப் பிடிக்கும் ஜாகா, அதாவது தோட்டத்துக் காவலாளி. பிறப்புப் பத்திரம் இல்லாததால் அடையாள அட்டையும் இல்லாமல், சாலைத் தடுப்பைக் கண்டாலே மோட்டார் சைக்கிளைத் திருப்பும் இளைஞன். வட்டி முதலைகளின் சிவப்புச் சாயம் விழுந்த கதவு. திருவிழா ஊர்வல அனுமதி. உள்காட்டிலிருந்து டவுனுக்கு வந்து, எந்த அலுவலகத்திலும் தங்கள் மொழி கேட்காத தெமியார் பழங்குடிக் குடும்பம். சீனர் பட்டறைக்காரரும் தமிழ் லாரி ஓட்டுநரும் மலாய்க்காரக் கான்ஸ்டபிளும் ஒரே மேசையில் தே தாரிக் குடித்துக்கொண்டே ஒரு விபத்து வழக்கைத் தீர்ப்பது. நம் ஊரில் இவை தினமும் நடக்கின்றன, எழுத ஆள் இல்லை.

தயாரிப்பாளர்களிடமும் எழுத்தாளர்களிடமும் மூன்று வேண்டுகோள்கள். குண்டர் கும்பலை மட்டும் காட்டி எங்கள் டவுனை முடித்துவிடாதீர்கள். அது இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது, காரணத்தையும் காட்டுங்கள். பேச்சைக் கெடுக்காதீர்கள். இங்கே தமிழுக்குள் மலாயும் சீனமும் எப்படி வந்து உட்கார்ந்திருக்கின்றனவோ அப்படியே வரட்டும், சென்னைத் தமிழ் வேண்டாம். பதின்மூன்று பாகத்தில் நிறுத்திவிட்டுப் பார்வையாளர் வரவில்லை என்று கை விரிக்காதீர்கள். ஊர் மனத்தில் பதிய காலம் வேண்டும்.

கதை தேடி வருகிறவர்கள் எனக்குத் தகவல் அனுப்புங்கள். பல ஆண்டுகளாக அக்கம்பக்கத்துப் பெண்களோடு நிலையத்துக்குத் துணைக்குப் போய், அவர்கள் சொல்வதை மலாயில் எழுதிக் கொடுத்த அக்காமார் இருவரை எனக்குத் தெரியும். சனிக்கிழமை காலையில் இருவரும் சந்தையில் இருப்பார்கள். நானே அழைத்துப் போகிறேன். குறிப்பேடு கொண்டு வாருங்கள், மதியம் வரை நேரம் ஒதுக்குங்கள்.