பத்துப் புத்தகம் சொல்லுங்க மாமா

போன வாரம் அக்கா மகன் வாட்ஸப்பில் கேட்டிருந்தான்: "மாமா, படிக்கிற மாதிரி பத்து நாவல் சொல்லுங்க. வாழ்க்கை வரலாறு இருந்தாலும் சரி." கூடவே எங்கிருந்தோ வந்த ஒரு பட்டியலையும் அனுப்பியிருந்தான். சாவதற்குள் படித்தே ஆகவேண்டிய நூறு புத்தகங்களாம். மேலிருந்து கீழே பார்த்தேன். ரஷ்யா, கொலம்பியா, ஜப்பான் எல்லாம் இருந்தன. நம்ம கடலூர் மஞ்சக்குப்பத்தைத்தான் காணோம்.

வெளிநாட்டு நாவல்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் புதிதாகப் படிக்க வருகிறவன் தனக்குத் தெரிந்த இடத்தில் நடக்கிற கதையை முதலில் எடுக்க வேண்டும் என்பேன். எழுதினவர் சும்மா அடித்து விட்டால் உனக்கே தெரிந்துவிடும். உள்ளதைச் சொல்லியிருந்தால் வயிற்றைப் பிசையும். அது பழகட்டும், அப்புறம் ரஷ்யாவுக்குப் போகலாம்.

நான் பதினைந்து வருஷமாகக் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறவன். படித்ததில் பாதி பஸ்ஸில் படித்தது. இமையத்தின் 'செல்லாத பணம்' நாவலைப் படித்துக்கொண்டு போனபோது தவளக்குப்பத்தில் மூடி வைத்துவிட்டேன். கண்டக்டர், "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்றார். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது வாங்கிய நாவல் அது. எஞ்சினியரிங் படித்த ரேவதி, வீட்டை எதிர்த்துக்கொண்டு ஆட்டோ ஓட்டுகிற ரவியைக் கட்டிக்கொள்கிறாள். ஒருநாள் தீக்காயத்தோடு அவளைப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள். மீதிக் கதையில் பெரும்பகுதி வார்டுக்கு வெளியே காத்துக் கிடக்கிறவர்களுடையது. அவளாகக் கொளுத்திக்கொண்டாளா, அவன் கொளுத்தினானா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அப்பா கையில் பணம் இருக்கிறது. அதை வைத்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அப்பாவை வைத்துக்கொண்டு நானும் அந்த வளாகத்தில் பதினொரு நாள் இருந்திருக்கிறேன். மரத்தடியில் பாய், ஒரு பிளாஸ்க், மஞ்சப்பையில் சுருட்டி வைத்த ஸ்கேன் படம். பக்கத்தில் படுத்திருந்த திருவண்ணாமலைக்காரர் முதலில் கேட்டது, "உங்களுக்கு எந்த வார்டு?" பதினொரு நாளில் அவர் பேரை நான் கேட்கவில்லை, என் பேரை அவரும் கேட்கவில்லை. ஆனால் அவர் மகளுக்கு எத்தனை பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள் என்பது எனக்குத் தெரியும். 'செல்லாத பணத்தில் ஒரே பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது' என்று நண்பர் ஒருவர் குறை சொன்னார். அவர் இன்னும் ஆஸ்பத்திரி வாசலில் ராத்திரி தங்கியதில்லை போலிருக்கிறது. அங்கே பேச்சு அப்படித்தான் சுற்றிச் சுற்றி வரும்.

அடுத்து கண்மணி குணசேகரன். விருத்தாசலம் பக்கம் மணக்கொல்லைக்காரர். முந்திரிக்காட்டு மனிதர்களை அவர்கள் பேச்சிலேயே எழுதுகிறவர். 'அஞ்சலை' நாவலில், மாப்பிள்ளை என்று ஒருவனை நம்பிக் கழுத்தை நீட்டுகிற பெண்ணுக்குத் தாலி கட்டுவது இன்னொருவன். அதற்கப்புறம் அவள் படுகிற பாடுதான் நாவல். முதல் இருபது பக்கம் வட்டார வழக்கு கொஞ்சம் தடுக்கும், விட்டுவிடாதே. உன் ஆயா பேசின பேச்சுதான் அது. நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினவர்களின் கதை வேண்டுமென்றால் அவருடைய 'வந்தாரங்குடி'.

புதுச்சேரிக்கு வந்தால் இரண்டு பேரைச் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளை, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1736இலிருந்து நாட்குறிப்பு எழுதினார். 1761 ஜனவரியில், ஊர் ஆங்கிலேயர் கையில் விழுவதற்குச் சில நாள் முன்னால் இறந்துபோனார். கப்பல் வந்தது, பீரங்கி போட்டது, யார் யாரைப் பற்றி கவர்னரிடம் கோள் சொன்னார்கள் என்று எல்லாம் இருக்கும். கணக்குப்பிள்ளை மூளையும் வம்பு கேட்கிற காதும் ஒரே ஆளுக்கு அமைந்துவிட்டால் எப்படியிருக்கும்? அப்படி ஒரு எழுத்து. தன்னைப் பற்றிக் கொஞ்சம் உயர்த்தித்தான் சொல்லிக்கொள்வார். வாழ்க்கையை எழுதுகிற எல்லாருக்கும் உள்ள வியாதி அது, கண்டுகொள்ளாதே. அதை முதல் தொகுதியிலிருந்து வரிசையாகப் படிக்கிறேன் என்று கிளம்பினால் பாதியில் ஓடிவிடுவாய். முதலில் பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', பிறகு 1995இல் அகாதெமி விருது வாங்கிய 'வானம் வசப்படும்' இரண்டையும் முடி. அந்த நாட்குறிப்பிலிருந்து முளைத்த நாவல்கள் அவை. பிள்ளை பார்க்காமல் விட்ட ஆட்களை, தாசிகளை, அடிமைகளாகக் கப்பலேறினவர்களைப் பிரபஞ்சன் கூப்பிட்டு முன்னால் உட்கார வைக்கிறார். அதற்கப்புறம் நாட்குறிப்பை நடுவில் எங்கே பிரித்தாலும் ருசிக்கும். பிள்ளையின் வீடு இன்னும் பெரிய மார்க்கெட் பக்கம் நிற்கிறது. மீன் வாங்கப் போகிற வழியில் ஒரு நடை எட்டிப் பார்.

பாரதி இங்கே பத்து வருஷம் இருந்ததைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது யதுகிரி அம்மாள் எழுதிய 'பாரதி நினைவுகள்'. பாரதியின் நண்பர் மண்டயம் ஸ்ரீனிவாசாச்சாரியாரின் மகள். சின்னப் பெண்ணாக அந்த வீட்டுக்குள் ஓடிவந்து போனவர் என்பதால், அவர் சொல்லும்போது மகாகவி தெரியமாட்டார், பக்கத்து வீட்டு மாமா தெரிவார். சின்னப் புத்தகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

கே.ஏ. குணசேகரன் தன் வாழ்க்கையை எழுதின 'வடு' நம் பக்கத்துக் கதை கிடையாது, சிவகங்கைச் சீமை. ஆனால் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் சொல்லிக்கொடுத்த மனுஷர் அவர், அதனால் உரிமையோடு சேர்த்துக்கொள்கிறேன். சாதி ஒரு பையனை எப்படியெல்லாம் தொட்டது என்பதை அழாமல், பாட்டுக்காரனுக்கே உரிய சிரிப்போடு சொல்வார். அந்தச் சிரிப்புதான் நம்மைத் தூங்க விடாது.

மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனை விட்டுவிட்டேன் என்று யாராவது சண்டைக்கு வருவதற்கு முன்னால்: 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்'. அதில் வருகிற ஹென்றியைப் பிடிக்காதவர்களோடு நான் டீ குடிப்பதில்லை.

பத்து வரவில்லை, எண்ணிப் பார்த்துவிட்டேன். இதை முடி, மீதியைச் சொல்கிறேன். எல்லாம் வீட்டில் இருக்கிறது, சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ. 'அஞ்சலை'யை மட்டும் கடையில் வாங்கிக்கொள். இரவல் போன இரண்டு பிரதியும் இன்னும் திரும்பி வரவில்லை, அதில் ஒன்று உங்க அம்மாவிடம்தான் இருக்கிறது.