பிளைட்டி

முதல் உலகப் போரில் பிரான்சின் பதுங்குகுழிச் சேற்றில் கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் தங்கள் நாட்டை ‘பிளைட்டி’ என்றுதான் ஏக்கத்தோடு சொன்னார்கள். ‘பிளைட்டி காயம்’ என்றே ஒன்று உண்டு. உயிர் போகாது, ஆனால் சண்டைக்கு லாயக்கில்லை என்று ஊருக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். அப்படி ஒரு குண்டு நம் மேல் பட்டுவிடாதா என்று ஏங்கியவர்கள் உண்டு.

அவர்கள் அவ்வளவு ஆசையாகச் சொன்ன சொல் ஆங்கிலமே இல்லை.

அரபியில் ‘வாலி’ என்றால் ஆளுநர், ‘விலாயத்’ என்றால் அவர் ஆளும் மாகாணம். (நாகூர்ப் பக்கம் இறைநேசர்களை அவுலியா என்கிறோமே, அதற்கும் இதே வேர்தான்.) பாரசீகம் வழியாக உருதுவுக்கு வந்தபோது அது அயல்நாடு என்றாகி, வெள்ளைக்காரன் காலத்தில் பிரிட்டனையே குறித்தது. அந்த நாட்டைச் சேர்ந்தது என்று பொருள்படும் ‘விலாயதி’ சில வாய்களில் ‘பிலாயதி’ ஆனது. அதுதான் வெள்ளைக்காரச் சிப்பாயின் வாயில் ‘பிளைட்டி’. சோடாவுக்குப் பெயர் பிலாயதி பானி. தக்காளி, பிலாயதி கத்தரிக்காய்! நாம் சௌசௌவைச் சீமைக் கத்தரிக்காய் என்கிறோமே, அதே மாதிரி. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெலும் யூலும் தொகுத்து 1886இல் வெளிவந்த, இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் பேச்சில் புழங்கிய சொற்களுக்கான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியிலேயே இந்தப் பிலாயதி இருக்கிறது.

நம் ‘சீமை’ நடந்ததும் இதே வழிதான். முதலில் எல்லை, அப்புறம் சிவகங்கைச் சீமை மாதிரி ஒரு நிலப்பகுதி, கடைசியில் துரைமாரின் நாடு. சீமெண்ணெய் என்று சொல்லி வளர்ந்த எனக்கு, பிளைட்டியின் கதையைப் படித்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

கொச்சைச் சொல்லுக்கு வேர் எதற்கு என்று கேட்பவர்களோடு எனக்கு ஒட்டவே ஒட்டாது. பிளைட்டியை அந்தச் சிப்பாய்கள் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. இந்தியாவில் இருந்த பட்டாளத்தின் பேச்சிலிருந்து அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது அது. அங்கே சமைத்துப் போட்டவர்கள், துணி வெளுத்தவர்கள், கூடவே அணிவகுத்த நம் சிப்பாய்கள் எல்லோருடைய வாயும் அதில் இருக்கிறது. அகராதியில் ‘கொச்சை’ என்று ஒரு குறி போட்டுவிட்டால் இத்தனை பேரும் மறைந்துபோகிறார்கள். எனக்கு அது வலிக்கிறது.

அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். பிரான்சிலிருந்து வீட்டுக்குக் கடிதம் எழுதிய நம் சிப்பாய்களும் ‘விலாயத்’ என்றே எழுதினார்கள். ஒரே போர், ஒரே சொல். வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு அது அம்மா இருக்கும் ஊர். நம் ஆளுக்கு அது அந்நிய தேசம்.